எங்கள் மெஷினைக் காப்பாற்றிய மாட்டாஸ்பத்திரி

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அந்தப் புரட்டாசி மாதம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் முன்னால் ஒரு புளியமரம், பின்னால் ஒரு புளியமரம் விழுந்து கிடக்க, நடுவில் ஒரு வேனில் நான் மாட்டிக்கொண்டேன். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வரும்.

அப்போது நான் மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலவியல் துறை விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான். வாய் மட்டும் முப்பது வருட சர்வீஸ் போட்டவளைப் போல. கல்வராயன் மலைப் பாறைகள்தான் என் ஆராய்ச்சி. சுத்தியலும் தோள்பையுமாக வெள்ளிமலைப் பக்கம் ஏறி இறங்கிக் கல் பொறுக்குவேன். அந்தக் கல்லைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் மணல் துணுக்கைவிடச் சின்ன இடத்தில் இரும்பு எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அதற்கென்றே மைக்ரோ அனலைசர் என்று ஒரு மெஷின் உண்டு. எலக்ட்ரான் கற்றையால் ஒரு புள்ளியைத் தொட்டு, அந்தப் புள்ளி எதனால் ஆனது என்று சொல்லிவிடும். அது இல்லாததால் கல்லை வடக்கே ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உலோகவியல் துறைக்காரர்களுக்கும் அதே மெஷின்தான் தேவைப்பட்டது. ஆளுக்கொன்று கிடையாது, சேர்ந்து கேட்டால் ஒன்று தருகிறோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சேர்ந்து கேட்டோம், கிடைத்தது. அதற்குப் பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது. எந்தக் கட்டடத்தில் வைப்பது, திங்கட்கிழமை யாருக்கு, அறைச் சாவி யாரிடம் என்று எட்டுக் கூட்டம் போட்டோம். கடைசியில் ஐந்து நாளை இரண்டாக அறுத்து ஆளுக்கு இரண்டரை நாள், கதவுக்கு இரண்டு பூட்டு, துறைக்கு ஒரு சாவி என்று முடிவானது. பங்காளி வீட்டில்கூட அப்படி அளந்திருக்க மாட்டார்கள்.

மெஷின் முன்பே லாரியில் வந்து இறங்கிவிட்டது. அதன் கண் என்று சொல்லத்தக்க டிடெக்டர் மட்டும் தனியாக விமானத்தில் சென்னைக்கு வந்தது. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சில்லு. அது எப்போதும் கடுங்குளிரிலேயே இருக்க வேண்டும் என்பதால், திரவ நைட்ரஜன் ஊற்றிய பெரிய குடுவையோடு சேர்த்தே செய்திருந்தார்கள். நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். தீருவதற்குள் மறுபடி ஊற்ற வேண்டும். வற்றிப்போய்ச் சூடேறினால் சில்லு கெட்டுவிடும். சில்லு இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு அலமாரி. இன்னொன்று வாங்குவது எங்கள் காலத்தில் நடக்கிற காரியமில்லை.

அதைக் கூட்டிவர ஒருவர் போதும். ஆனால் ஒரு துறையை இன்னொரு துறை நம்பவில்லை. அதனால் எங்கள் பக்கம் நான், அவர்கள் பக்கம் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு விரிவுரையாளர், இருவரும் வேனில் போனோம். பயணம் முழுக்க ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறியல் மறுநாள் தொடங்குகிறது, இன்று கிளம்பாதீர்கள் என்று சென்னையிலேயே எச்சரித்தார்கள். ராத்திரிக்குள் ஊர் போய்விடலாம் என்றேன் நான். திருநாவலூர் கைகாட்டி தாண்டியதும் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. ஒருவழியாகக் கள்ளக்குறிச்சி வந்து ஒரு லாட்ஜில் படுத்தோம். விடிந்தபோது சேலம் போகும் சாலை அடைபட்டிருந்தது. டிரைவர், கச்சிராயபாளையம் வழியாகச் சின்னசேலம் பிடித்துவிடலாம் என்று வேனைத் திருப்பினார். ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் முன்னால் புளியமரம். திரும்பலாம் என்று பார்ப்பதற்குள் பின்னாலும் ஒன்றை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் குடுவையின் மூடியைத் திறந்து மரக்குச்சி ஒன்றை விட்டு எடுத்தேன். வெளியே எடுத்து ஆட்டினால், நைட்ரஜன் எதுவரை இருந்ததோ அதுவரை குச்சியில் பனி படியும். நாலு விரற்கடைதான் படிந்தது. ஒரு நாளுக்குக் காணும், மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள்.

"சார், மெட்ராஸ்ல நீங்க ஃபுல்லா ஊத்தலையா?" என்றேன்.

"நீங்க ஊத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன், மேடம்" என்றார் அவர்.

எட்டுக் கூட்டத்தில் எழுதிய பதினோரு பக்க ஒப்பந்தத்தில் யார் எத்தனை மணிக்கு மெஷினில் உட்காரலாம் என்று நிமிடக் கணக்காக இருந்தது. நைட்ரஜனை யார் ஊற்றுவது என்று ஒரு வரிகூட இல்லை. விமான நிலையத்தில் அவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் வேனில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் பொது என்பதால் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும் சமமாக இருந்தார்கள். முன்னால் நின்றவர் ஒரு கரும்பு விவசாயி. பாலுக்கும் ஆஸ்பத்திரி வண்டிக்கும் வழி விடுவோம் என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் என் மூளை வேலை செய்தது. "ஆஸ்பத்திரி சாமான்ங்க. உள்ள இருக்கறது கெட்டுட்டா உயிர் போயிடும்" என்று ஒரு போடு போட்டேன்.

நம்பிவிட்டார்கள். எனக்கு உடனே 'டாக்டரம்மா' பட்டம் கிடைத்தது. ஒருவர் வந்து முழங்கைச் சொறியைக் காட்டி என்ன களிம்பு போடலாம் என்று கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மரத்தை நகர்த்துவதற்கு முன் கரும்புக்காரர், "நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டர இட்டுகினு வாங்கடா. ஆஸ்பத்திரி சாமானுன்னா அவருக்குத் தெரியும். பத்திரமா தூக்கிகினு போவணும் இல்ல?" என்றார். என்மேல் சந்தேகப்பட்டு அவர் அப்படிச் சொல்லவில்லை. சாமான் உடையக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொன்னார்.

சைக்கிளில் வந்தவர் கால்நடை ஆய்வாளர். ஊருக்கு அவர்தான் மாட்டு டாக்டர். குடுவையின் மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை வழிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நைட்ரஜனா? எங்கிட்டயும் ரெண்டு கேன் கீதுங்களே. சினை ஊசி போடற விந்துக் குச்சிய இதுலதான் வச்சிகினு இருக்கோம்" என்றவர், குழாயையும் ஒயரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா இது ஆஸ்பத்திரி சாமான் இல்லீங்களேம்மா. இன்னா இது?"

திருடும்போது பிடிபட்டிருந்தால்கூட அப்படி உடம்பு கூசியிருக்காது. ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத உலோகவியல்காரர்தான் முன்னால் வந்தார். "பொய்தாங்க. மேடம் பயத்துல சொல்லிட்டாங்க, நானும் பக்கத்துல நின்னு சும்மா இருந்தேன். தப்பு ரெண்டு பேர்மேலயும்தான்" என்று சொல்லி, மெஷினைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் கல்வராயன் மலையைக் கையால் காட்டி, அந்த மலைக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் என்று முணுமுணுத்தேன்.

"யாரு பாப்பாங்க?" என்றார் கரும்புக்காரர்.

"நாங்க... காலேஜ்ல படிக்கறவங்க."

"எங்க புள்ளைங்க பாக்குமா?"

என் வகுப்பை மனதுக்குள் ஒரு சுற்று பார்த்தேன். இப்படி ரோட்டில் உட்கார்ந்திருந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளை யார் என்று தேடினேன். எண்ணுவதற்கு விரலை மடக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மாட்டு டாக்டர் என் குச்சியை வாங்கி அளவு பார்த்தார். நாளைக்குச் சாயங்காலம் வரைதான் தாங்கும் என்று அவரே சொன்னார். கொஞ்சம் தர முடியுமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. என்னுடன் வந்தவர் கேட்டார். அதற்கு டாக்டர், "கேன் எங்கிட்ட இருக்குது. ஆனா அது ஊரு மாட்டுக்குன்னு வந்தது. மாடு வச்சிகினு இருக்கறவங்க சொல்லாம நான் ஒரு சொட்டு குடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடமே விஷயத்தை வைத்தார். பெரிய கேனில் உள்ள விந்துக் குச்சிகளைச் சின்னக் கேனுக்கு மாற்றிவிட்டால் பெரிய கேன் நைட்ரஜனைத் தரலாம். சின்னக் கேன் சீக்கிரம் வற்றும். நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி வர வேண்டிய வாரம்தான், ஆனால் மரம் கிடக்கும்போது எங்கே வரும்? இதுதான் நிலைமை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஒருவர் கோபமாகவே பேசினார். நம்மை உள்ளே விடாத காலேஜுக்கு நம் மாட்டுச் சாமானா என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை என்று எனக்கே தோன்றியது. பலரும் ஆமாம் போட்டார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் வயதிருக்கும் ஒருத்தி எழுந்தாள்.

"உள்ள வுடணும்னுதானே இங்க ஒக்காந்துகினு இருக்கோம்? நம்ம புள்ள உள்ள போவும்போது மெஷினு செத்துப் பூட்டிருந்தா அது இன்னாத்த பாக்கும்? குடுங்க டாக்டரே."

கரும்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "குடுத்துடுங்க" என்றார்.

நாலு பேர் குடுவையை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், பால் சொசைட்டியிலிருந்து அலுமினியப் புனல் வந்தது. மாட்டாஸ்பத்திரி வேப்பமரத்தடியில் டாக்டரும் உலோகவியல்காரரும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கேனைச் சாய்க்க, நான் புனலைப் பிடித்தேன். மூன்று பேரும் புகைக்குள் மறைந்துபோனோம். அந்த மரத்தடியில், வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. மரக்குச்சியை விட்டு எடுத்தபோது பனி முழங்கை அளவுக்கு ஏறியிருந்தது.

குடுவையை மாட்டாஸ்பத்திரி அறையிலேயே வைத்தோம். டிரைவரும் உலோகவியல்காரரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். "குடுங்க டாக்டரே" என்று சொன்னவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஓர் அறை, ஒரு கொட்டகை, கொட்டகையில் ஒரே ஒரு சிவப்புக் கலப்பின மாடு. பகலில் அவள் மறியலுக்குப் போவாள். நானும் நிழலில் போய் உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா பட்டம் போய் 'டீச்சர்' ஆகியிருந்தேன். பொய் சொன்னதை வைத்து என்னைச் சீண்டாத ஆள் அந்த ஊரில் இல்லை. சொறிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முழங்கையை நீட்டுவார்.

ஐந்தாம் நாள் காலையிலிருந்து அந்த மாடு கத்திக்கொண்டே இருந்தது. மதியம் ஆகியும் ஓயவில்லை. மலையில் எந்தக் கல் எப்போது உருகி உறைந்தது என்று நான் மணிக்கணக்கில் பேசுவேன்; எதிரில் நிற்கும் மாடு ஏன் கத்துகிறது என்று தெரியவில்லை. "பசிக்குதாக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அது அப்டித்தான் டீச்சர் கத்தும்" என்று சொல்லி, அதன் கழுத்தைத் தடவிவிட்டுத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஒரு வாரம் முடிந்து மரத்தை நகர்த்தினார்கள். குடுவையில் கடைசியாக மூன்று விரற்கடை மிஞ்சியிருந்தது. அன்று சாயங்காலமே ஊர் போய்ச் சேர்ந்தோம். டிடெக்டரைப் பொருத்தி மெஷினை ஓட்டினோம். திரையில் முதல் கோடு எழும்பி, இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு என்று நின்றபோது, உலோகவியல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் முறை யாருக்கு என்று ஒன்பதாவது கூட்டம் போட இருந்தார்கள். அதற்குள் அவரே, "உங்க மலைக் கல்ல வைங்க மேடம்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு கேன் நிறைய நைட்ரஜனை எடுத்துக்கொண்டு இருவரும் அந்த ஊருக்குத் திரும்பிப் போனோம். டாக்டர் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உங்கள் குச்சிகளெல்லாம் பத்திரம்தானே என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர் தயங்கினார். திரும்பக் கேட்டதும் சொன்னார்: சின்னக் கேன் நாலாம் நாளே வற்றிவிட்டது, இருந்த குச்சி எல்லாம் பாழ். நைட்ரஜன் வண்டி எட்டாம் நாள்தான் வந்தது. அந்த இடைவெளியில் பருவத்துக்கு வந்த மாடுகளுக்கு ஊசி போட முடியவில்லை.

"பருவத்துக்கு வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கத்துங்க. நாளெல்லாம் நின்னு கத்தும்."

ஐந்தாம் நாள் முழுக்கக் கத்திய அந்தச் சிவப்பு மாடு என் கண்முன் வந்து நின்றது. எங்கள் குடுவையில் அந்த ஐந்தாம் நாள் நைட்ரஜன் இருந்தது. டாக்டருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்டிருந்தாலும் குச்சி கெட்ட பிறகு பிரயோஜனம் இல்லைதான். ஆனால் வாயைத் திறந்து, உங்களால்தான் என் மாட்டுக்குச் சினை தப்பியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! "டீச்சரு ஏற்கெனவே பயந்துகினு கெடக்குது, அதுங்கிட்ட சொல்லிப்புடாதீங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாளாம்.

அவள் வீட்டுக்கு ஓடினேன். கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் கழுவிக்கொண்டே மறித்தாள்.

"அட, வுடு டீச்சர். மாடு இன்னொரு வாட்டி கத்தும். ஒங்க மெஷினு பூட்டிருந்தா இன்னொண்ணு வாங்கிக் குடுப்பாங்களா?"

திரும்பும் வழியில் ஆத்தூர் தாண்டும்போது உலோகவியல்காரர்தான் ஆரம்பித்தார். "மேடம், ஒங்களுக்கு ரெண்டரை நாள், எங்களுக்கு ரெண்டரை நாள். ஆளுக்கு அரை நாள் குடுத்தா ஒரு நாள் வருது." அந்த ஒரு நாளை வெளிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வசதி இல்லாத ஊர்க் கல்லூரிகளுக்கு விடுவது என்று வேனிலேயே முடிவு செய்தோம்.

முடிவு செய்வது சுலபம். எங்கள் இரண்டு துறைத் தலைவர்களும் அதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை. இதை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். முன்பின் மெஷினைப் பார்க்காதவர்கள் கை வைத்தால் கெட்டுப்போகும் என்றார்கள். முன்பின் பார்க்காதவர்கள்தான் இது கெடாமல் காப்பாற்றினார்கள் என்று நான் எழுந்து சத்தமாகவே சொன்னேன். எந்த மாடு, எந்த ஊர் என்று முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிடைத்தது.

முதல் ஒன்றரை வருடம் வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் வரவில்லை. மெஷின் சும்மா கிடக்கிறதே, அந்த நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நச்சரிப்பு. நாங்கள் கல்லூரி கல்லூரியாகக் கடிதம் போட்டோம். பதில் வராத இடங்களுக்கு நேரிலேயே போனோம். பிறகு ஒருவர், இருவர் என்று வர ஆரம்பித்தார்கள்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்த ஊரும் இல்லை, அந்த வீடும் இல்லை. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை, வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். செய்தித்தாளில் சுற்றிய கல்வராயன் மலைக் கல்லைப் பையிலிருந்து எடுத்தாள். அதைச் சீவி மெருகேற்றி உள்ளே வைத்ததும், நாற்காலியில் உட்காராமல் என் பின்னால் வந்து நின்றாள். "மேடம், நான் தொடலாமா?" என்று கேட்டாள்.

எழுந்து என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். குமிழைத் திருப்பி ஒரு புள்ளியில் நிறுத்தினாள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. அச்சடித்துத் தர இயந்திரம் பக்கத்திலேயே இருந்தும், அவள் அந்த எண்களைத் தன் நோட்டில் குண்டு குண்டாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் குடுவையைப் பார்த்து, நைட்ரஜன் எங்கே ஊற்ற வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். அப்படிக் கேட்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மெஷினும் போய் வேறு மெஷின் வந்துவிட்டது. ஒரு பொருளைப் பொது என்று காகிதத்தில் எழுதுவது பெரிய காரியமில்லை, யாரென்றே தெரியாத ஒருவருக்காகத் தன் முறையைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் அது பொதுவாகிறது என்பதை எனக்குப் புரியவைத்தவள், இன்றுவரை அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.